மறு: கிட்டார் 'கார்ட்': 'சுரக்கூட்டு' சரிப்படுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கிட்டார் பாடநூலைத் தமிழில் எழுதும் நண்பர் கேட்டது ஒரு சொல்தான்: பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்யும் 'கார்ட்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது? ஆனால் அந்தச் சொல் நூலின் எல்லாப் பக்கங்களிலும் வரும். அதனால் அவசரப்படாமல் முடிவுசெய்வது நல்லது. என் வாக்கு 'சுரக்கூட்டு' என்பதற்கே. காரணங்களைச் சொல்கிறேன்.

> அகராதியில் 'நாண்' என்றே இருக்கிறது. அதையே வைத்துக்கொண்டால் என்ன?

வேண்டாம். வட்டத்தின் இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டுக்கு நாண் மிகப் பொருத்தம். கணக்கில் வரும் அந்த ஆங்கிலச் சொல், கம்பியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இசையில் வரும் கார்டுக்குப் பிறப்பு வேறு. ஒத்துப்போதல் என்று பொருள்படும் 'அக்கார்ட்' தேய்ந்துதான் அது உருவானது. பின்னாளில் கம்பிச் சொல்லைப் பார்த்து எழுத்துக்கூட்டலை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் நேர்ந்த குழப்பத்தைத் தமிழுக்கும் ஏன் கொண்டுவர வேண்டும்? 'இரண்டாம் நாணை அழுத்தாமல் ஜி நாணை வாசிக்கவும்' என்று ஒரு வரி இருந்தால் புதிதாகப் படிப்பவர் என்ன செய்வார்?

> 'சுரக்கொத்து' பூங்கொத்து மாதிரி அழகாக இருக்கிறதே?

அழகுதான். ஆனால் பக்கத்துப் பக்கத்துச் சுரங்களை மொத்தமாக ஒலிக்கச் செய்யும் முறை ஒன்று இருக்கிறது. அமெரிக்க இசையமைப்பாளர் ஹென்றி கவெல் பியானோ கட்டைகளை முன்கையால் அழுத்தி வாசித்தது அந்த வகை. 'கொத்து' அதற்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும், அதற்கென்று விட்டுவைக்கலாம். கார்ட் என்பது தேர்ந்தெடுத்துச் சேர்த்த சுரங்கள்.

இனி 'கூட்டு'. சாப்பாட்டு ஞாபகம் வருமே என்று ஒருவர் எழுதியிருந்தார். கூட்டெழுத்து, கூட்டுவட்டி என்றெல்லாம் சொல்லும்போது யாருக்கும் அந்த ஞாபகம் வருவதில்லை. முதல் முறை 'சுரக்கூட்டு' என்று எழுதிவிட்டால் அப்புறம் வெறும் 'கூட்டு' போதும்.

பாடநூலில் முதலில் வரும் சி மேஜர் என்ற கார்டை எடுத்துக்கொள்வோம். ஆறாம் கம்பியை விட்டுவிட்டு மற்ற ஐந்தையும் மீட்டுகிறோம். ஐந்தாம் கம்பியில் மூன்றாம் மெட்டு, நான்காம் கம்பியில் இரண்டாம் மெட்டு, இரண்டாம் கம்பியில் முதல் மெட்டு. மூன்றாவதும் முதலாவதும் திறந்த கம்பிகள். (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட்டுக்குப் புதுச்சொல் தேட வேண்டாம், வீணைக்காரர்களின் 'மெட்டு' இருக்கிறது.) சி-யைச் சட்சமாகக் கொண்டால் ஒலிப்பது ச க ப ச க. கம்பிகள் ஐந்து, சுரங்கள் மூன்றே. கம்பியை எண்ணக் கூடாது, சுரத்தை எண்ண வேண்டும் என்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர். அது 'சுரக்கூட்டு' என்ற பெயரிலேயே இருக்கிறது. இன்னொரு வசதி, ஓர் அடிச்சுரமும் அதன் பஞ்சமமும் மட்டும் கொண்ட பவர் கார்டை 'இருசுரக்கூட்டு' என்று சொல்லிவிடலாம். தம்பூராவில் நாம் கேட்டுப் பழகிய ச-ப உறவுதான் அது.

> பழந்தமிழ் இசையில் இணை, கிளை, பகை, நட்பு என்று இருக்கும்போது புதிதாக ஏன் செய்ய வேண்டும்? 'கிளைக்கூட்டு' எனலாமே.

இந்தக் கேள்விதான் எனக்கு மிகப் பிடித்தது. சிலப்பதிகார உரையில் வரும் இந்த உறவுமுறையைத் தொடாமல் தமிழில் இசைக் கலைச்சொல் பேசவே முடியாது. ஆனால் அந்தக் கணக்கைப் பாருங்கள். நின்ற நரம்பிலிருந்து, அதாவது தொடங்கும் சுரத்திலிருந்து எண்ணினால் ஐந்தாவது கிளை, நான்காவது நட்பு, மூன்றாவதும் ஆறாவதும் பகை. கார்டுக்கு நிறம் தருவதோ அந்த மூன்றாவது சுரம்தான்! பகையென்று முன்னோர் வகுத்ததை நடுவில் வைத்துக்கொண்டு மொத்தத்துக்கும் கிளை என்று பெயரிட்டால், இரண்டு முறைகளையும் படிக்கும் மாணவர் திண்டாடுவார். பழைய கிரேக்கரும் நான்காவது, ஐந்தாவது, எட்டாவது சுரங்களையே ஒத்திசைவாகக் கொண்டார்கள், மூன்றாவதைச் சேர்க்கவில்லை. கார்ட் என்ற எண்ணம் ஐரோப்பாவிலேயே பிற்காலத்தில் வளர்ந்தது. அதற்குப் புதுச்சொல் செய்வதில் பழமைக்கு எந்தக் குறையும் இல்லை.

ஆனால் அதே உரையிலிருந்து ஒன்றைக் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும். 'ரூட்' என்பதற்கு 'நின்ற சுரம்'. மேலே அடிச்சுரம் என்று எழுதினேன், அதை இப்படி மாற்றிக்கொள்ளலாம். எந்தச் சுரத்தில் நின்று மற்றவற்றை எண்ணுகிறோமோ அது நின்ற சுரம். இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது.

மேஜர், மைனருக்கு 'நிறைகூட்டு', 'குறைகூட்டு' என்பது என் யோசனை. தமிழிசையில் அந்தர காந்தாரத்தை நிறை கைக்கிளை என்றும் சாதாரண காந்தாரத்தைக் குறை கைக்கிளை என்றும் சொல்லும் வழக்கம் உண்டு. இரண்டு கார்டுகளுக்கும் வேறுபாடு அந்தக் கைக்கிளையில்தான், அதாவது மூன்றாவது சுரமான காந்தாரத்தில்தான். கிட்டாரில் இ மேஜரைப் பிடித்துக்கொண்டு, மூன்றாம் கம்பியின் முதல் மெட்டில் இருக்கும் ஆள்காட்டி விரலை மட்டும் எடுங்கள். இ மைனர் வந்துவிடும். நிறை ஓர் அரைச்சுரம் இறங்கிக் குறையாகிறது. காதுக்கும் விரலுக்கும் ஒரே நேரத்தில் புரியும் பாடம் இது.

கார்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் ப்ரொக்ரெஷனுக்கு 'கூட்டு வரிசை' போதும், சரளி வரிசை பாடியவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. சுரங்களை ஒவ்வொன்றாக மீட்டும் அர்பெஜியோவுக்கு 'உதிர்கூட்டு'.

இந்தச் சொற்களை வைத்து ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்: "சங்கராபரணத்தின் ஏழு சுரங்களிலும் ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று சுரங்களைச் சேர்த்தால் ஏழு கூட்டுகள் கிடைக்கும். ச, ம, ப நின்ற சுரமாக வருபவை நிறைகூட்டுகள். ரி, க, த நின்ற சுரமாக வருபவை குறைகூட்டுகள்." தடங்கலில்லாமல் படிக்க முடிகிறது.

மீதி இருப்பது நிஷாதத்தில் நிற்கும் டிமினிஷ்ட் கார்ட். அதில் சுரங்களுக்கு நடுவே உள்ள இரண்டு இடைவெளிகளும் மும்மூன்று அரைச்சுரம். ஆக்மென்டட் என்ற இன்னொரு வகை கார்டில் நான்கு நான்கு. இவற்றுக்கு 'ஒடுங்குகூட்டு', 'விரிகூட்டு' என்று வைத்திருக்கிறேன். 'ஒடுங்கு' நாக்கில் எளிதாகப் புரளவில்லை என்பது உண்மை. யாரிடமாவது இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள், நூல் அச்சுக்குப் போகும் முன் சேர்த்துவிடலாம்.

அன்புடன்