மறு: மாஸ்ட்ஹெட் – இசை, ஃபேஷன் இதழ் அட்டைக்கான கலைச்சொல்

வணக்கம். மாஸ்ட்ஹெட், அதாவது அட்டையில் பெரிதாக வரும் இதழின் பெயர், அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற பேச்சில் வந்த கேள்விகளுக்கு என் பதில்.

> ‘தலைப்பு’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

ஐயா, அட்டைத் திட்டத்தாளில் ‘தலைப்பு’ என்று மட்டும் எழுதினால் அது இதழின் பெயரா, பேட்டியின் தலைப்பா, பெரிதாகப் போடும் பாடகரின் பெயரா என்று வடிவமைப்பாளர் குழம்புவார். இதழின் பெயர் மாதாமாதம் அப்படியே நிற்கும். மற்ற இரண்டும் மாறிக்கொண்டே இருக்கும்.

ஆங்கிலத்திலேயே ‘மாஸ்ட்ஹெட்’ என்ற சொல் இரண்டு பொருளில் ஓடுகிறது. பிரிட்டனில் அட்டையில் உள்ள பெயர்தான் மாஸ்ட்ஹெட். அமெரிக்க இதழாளர்கள் ஆசிரியர் குழு, வெளியீட்டாளர் விவரம் அடங்கிய உட்பக்கக் கட்டத்தை அப்படிச் சொல்வார்கள். பெயருக்கு நேம்பிளேட் என்பார்கள். ஒரே தமிழ்ச்சொல்லை இரண்டுக்கும் போட்டால் அந்தக் குழப்பமும் கூடவே வந்துவிடும். அட்டையில் இருப்பதற்கு ‘முகப்பெயர்’, உட்பக்கக் கட்டத்துக்கு ‘குழுப்பட்டி’ என்று பரிந்துரைக்கிறேன்.

> ‘பெயர்ப்பட்டை’ எளிமையாக இருக்கிறதே?

பட்டை என்றாலே அட்டையின் மேல் குறுக்காக ஓடுவது என்று பொருள்பட்டுவிடும். டெர்ரி ஜோன்ஸ் 1980-இல் லண்டனில் தொடங்கிய ‘ஐ-டி’ (i-D) ஃபேஷன் இதழைப் பாருங்கள். பெயர் இரண்டே எழுத்து. பக்கவாட்டில் திருப்பினால் கண்ணடித்துச் சிரிக்கும் முகம். அதனால்தான் அதன் அட்டையில் வருபவர் ஒரு கண்ணை மூடியோ மறைத்தோ நிற்பார். படம் எப்படி எடுப்பது என்பதையே அந்தப் பெயர் முடிவு செய்கிறது. அதைப் பட்டை என்று சொல்ல மனம் வரவில்லை.

சொல் நிற்குமா என்பதைக் கூட்டுச்சொல்லில் பார்க்கலாம். பாடகரின் தலை பெயரின் மேல் ஏறுவது ‘முகப்பெயர் மறைப்பு’. நன்கு அறிமுகமான இதழ் ஓரிரு எழுத்தை மறைத்தாலும் வாசகர் கண்டுகொள்வார். புது இதழ் அதைச் செய்யக்கூடாது. தமிழ் எழுத்தில் ஆபத்து இன்னும் அதிகம். ‘பண்’ என்ற பெயரில் புள்ளியைத் தலைமுடி மறைத்தால் ‘பண’ என்று ஆகிவிடும். புள்ளியும் ‘ி’, ‘ீ’ சுழிகளும் மேலே நிற்பதால் மேல் வெட்டு ஓரத்திலிருந்து (அச்சிட்ட தாளை வெட்டும் கோடு) குறைந்தது 5 மி.மீ. உள்ளே அவை அடங்க வேண்டும். பின்னணிப் படம் வெட்டுக்கு வெளியே 3 மி.மீ. நீள வேண்டும். படம் எடுக்கும்போதே தலைக்கு மேல் கால்வாசி உயரம் வெறுமையாக விடச் சொல்லுங்கள். நெருக்கி எடுத்த படத்தில் பிறகு பின்னணியை இழுத்து நிரப்பினால் அச்சில் காட்டிக்கொடுக்கும்.

*

> முகப்பெயர்

நீங்கள் பரிந்துரைத்தது நல்ல சொல். ‘அட்டைப்பெயர்’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன். நாளிதழுக்கு அட்டை ஏது, முதல் பக்கம்தானே! ‘முகப்பெயர்’ இரண்டுக்கும் பொருந்துகிறது. ‘முகப்புப்பெயர்’ என்று நீட்ட வேண்டாம், நாக்கு தடுக்கும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று அட்டையில் சொல்லும் வரியான கவர்லைனுக்கு ‘அட்டைவரி’ வைக்கலாம். கடையில் இதழ்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து அடுக்கினால் பெரும்பாலும் இடது ஓரம்தான் தெரியும். முக்கியமான அட்டைவரி அங்கே வர வேண்டும். ‘இசையமைப்பாளர்’ போன்ற சொல்லை அந்தக் குறுகிய இடத்தில் உடைத்துப் போட்டால் படிக்க முடியாது. உடைக்காமல் அடங்கும் சொல்லாகத் தேடுவதுதான் வழி.

*

இதழின் முதுகில், அதாவது பக்கங்கள் சேரும் ஓரத்தில், வரும் பெயரையும் முகப்பெயர் என்பதா? வேண்டாம் என்பேன், ‘முதுகுப்பெயர்’ தனிச்சொல்லாக இருக்கட்டும், ஏனென்றால் அதன் கணக்கு வேறு. நடுவில் பின் அடித்த இதழுக்கு அது கிடையாது. பசை ஒட்டிய இதழில் 96 பக்கம் என்றால் 48 தாள். ஒரு தாள் 0.1 மி.மீ. தடிமன் என்றால் உள்தாள்கள் மட்டும் 4.8 மி.மீ. மடிப்பு இருபுறமும் 1 மி.மீ. நகரலாம் என்பதால் எழுத்துக்குக் கிடைப்பது 2.8 மி.மீ. உயரம்தான். அதற்குள் மேல் சுழியும் ‘ூ’ போன்ற கீழ் வளைவும் சேர்ந்தே அடங்க வேண்டும். முகப்பெயரை அப்படியே சுருக்கி ஒட்டினால் சுழிக்குள் மை அடைத்துக்கொள்ளும். முதுகுக்கு மெல்லிய கோட்டில் தனியாக வரைந்துகொள்ளுங்கள்.