லேசான கன்கஷன், கூடவே பதற்ற நோய்: எது எதனால்?

கேள்வி:
தலையில் அடிபட்டு ஐந்து நாள் ஆகிறது. சிடி ஸ்கேன் நார்மல், லேசான கன்கஷன் (அடியால் மூளையின் செயல்பாடு தற்காலிகமாகக் குலைவது) என்றார் டாக்டர். பதற்ற நோய்க்கு எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. தினமும் உண்டு. இப்போது தலைவலி, தலைசுற்றல், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து வருகின்றன. மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா? இருட்டறையில் இன்னும் எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும்?

பதில் 1:
நிறுத்தவே நிறுத்தாதீர்கள். திடீரென விட்டால் தலைசுற்றல், தலைவலி, எரிச்சல், மண்டைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு வரும். அப்புறம் எது அடியால், எது மாத்திரையை விட்டதால் என்று யாராலும் பிரிக்க முடியாது.

வலிக்கு பாரசிட்டமால் போதும். ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் வேண்டாம். எஸ்சிட்டலோபிராமோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். பாரசிட்டமாலையும் வாரத்தில் 2-3 நாளுக்கு மேல் இழுக்காதீர்கள். தொடர்ந்து போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும்.

பதில் 2:
இருட்டறையை விட்டு இன்றே வெளியே வாருங்கள். ஓய்வு என்பது முதல் 24-48 மணி நேரத்துக்குத்தான், அதுவும் முழு முடக்கம் இல்லை. அதற்கு மேல் படுத்தே கிடந்தால் குணமாவது தள்ளிப்போகும். பதற்றம் உள்ளவருக்கு இன்னும் மோசம். சும்மா படுத்துக்கொண்டு ஒவ்வொரு அறிகுறியையும் எண்ணிக்கொண்டிருப்பதுதான் நடக்கும்.

சமதரையில் 10-15 நிமிடம் நடங்கள். கிளம்பும் முன் தலைவலிக்கு 10-க்கு எத்தனை என்று மதிப்பெண் போடுங்கள். நடக்கும்போது 2 மதிப்பெண்ணுக்கு மேல் ஏறினால் நிறுத்திவிட்டு, மறுநாள் நேரத்தைக் குறையுங்கள். கொஞ்சம் ஏறி, ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. பந்து விளையாட்டு, பைக், மது இப்போதைக்குக் கூடாது.

பதில் 3:
ஸ்கேன் நார்மல் என்றால் ரத்தக்கசிவு தெரியவில்லை என்றுதான் பொருள். கன்கஷன் சிடியில் தெரியாது, அதனால் 'எல்லாம் மனசுதான்' என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பிரிப்பதற்கு ஒரு வழி: அறிகுறி எப்போது வருகிறது என்று குறித்து வையுங்கள். படுக்கையில் புரளும்போது அறையே சுழன்று ஒரு நிமிடத்துக்குள் நின்றால், அது உள்காதுக் கோளாறாக இருக்கலாம். தலையைக் குறிப்பிட்ட விதத்தில் திருப்பும் பயிற்சியிலேயே பெரும்பாலும் சரியாகும். படிக்கும்போதோ திரை பார்க்கும்போதோ தலைவலி கூடினால் கன்கஷன் பக்கம். சும்மா இருக்கையில் படபடப்பு, மூச்சுமுட்டல், விரல் மரத்தல் எல்லாம் ஒன்றாக எழுந்து அரை மணியில் அடங்கினால் பதற்றமாக இருக்கலாம். இரண்டும் கலந்தே வருவதும் சகஜம்தான்.

கேட்டவர்:
நன்றி. இரவில் யாராவது என்னை எழுப்பிப் பார்க்க வேண்டுமா?

பதில் 3:
ஐந்தாம் நாளில் தேவையில்லை, தூங்குங்கள். ஆனால் தலைவலி ஏறிக்கொண்டே போதல், திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, பேச்சுக் குழறல், கைகால் பலவீனம், எழுப்பினாலும் எழாத மயக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்தாலும் அதே அவசரம்தான். அப்போது தனியாக இருக்கக் கூடாது. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தெளியும். பதற்றம் ஏற்கெனவே இருந்தால் கூடுதல் நாள் பிடிக்கலாம், நான்கு வாரம் தாண்டினால் மனநல டாக்டரிடமும் அடிபட்டதைச் சொல்லுங்கள்.