தமிழில் மாணவர் பின்னூட்டப் படிவம் வைத்திருக்கிறவர்கள் உதவுங்கள்

வணக்கம். வன்னியில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் விரிவுரையாளராக இருக்கிறேன். உள்ளகத் தர உறுதி வேலையில், அதாவது கற்பித்தலின் தரத்தை நிறுவனத்துக்குள்ளேயே கவனிக்கிற வேலையில், எனக்கும் பங்கு தந்திருக்கிறார்கள். கற்கைநெறி மீளாய்வு வருகிறது, சுய மதிப்பீட்டு அறிக்கை எழுத வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டில் 8 அளவுகோல்கள். அவற்றின் கீழ் வரும் ஒவ்வொரு தரநியமத்துக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, எல்லாவற்றுக்கும் சான்று.

கோப்புகளை எப்படியும் தேடி எடுத்துவிடலாம். மனதை அரிப்பது மாணவர் பின்னூட்டம்தான். படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. முல்லைத்தீவிலிருந்தும் மடுவிலிருந்தும் வந்த, உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளைகள் எல்லாக் கேள்விக்கும் ஒரே கட்டத்தில் சரி போட்டுத் தந்துவிடுகிறார்கள். வகுப்பில் 22 பேர்தான், கையெழுத்தை வைத்தே ஆளைப் பிடித்துவிடுவார்கள் என்ற பயம் வேறு. ஒரு பிள்ளை வாசலில் நின்று, "மிஸ், செய்முறை வகுப்பு விளங்கவே இல்லை" என்றாள். படிவங்களில் அப்படி ஒரு வரிகூட இல்லை.

தமிழில் தயாரித்த படிவம் இருந்தால் பகிருங்கள். பெயர் வெளிவராமல் எப்படிச் சேகரிக்கிறீர்கள்? அப்புறம், அவர்கள் சொன்னதை வைத்து என்ன மாற்றினோம் என்பதை அவர்களிடமே எப்படித் திருப்பிச் சொல்கிறீர்கள்? வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் யாராவது இருந்தால் நேரிலேயே வந்து பார்க்கிறேன்.