பேயைக் கைக்கெட்டும் தூரம் வரவிட வேண்டுமா? 'ஃபேட்டல் ஃபிரேம்' இரண்டாம் பாகம் குறித்து ஒரு சண்டை

மண்டபம் நண்டு:
'ஃபேட்டல் ஃபிரேம் 2: கிரிம்சன் பட்டர்ஃப்ளை' என்ற ஜப்பானிய வீடியோ கேம் மறுபடியும் ரீமேக் ஆகிறது என்று 2025இல் அறிவித்தார்கள். ஏற்கெனவே 2012இல் நின்டெண்டோவின் 'வீ' விளையாட்டுக் கருவிக்காக ஒருமுறை மாற்றிச் செய்த விளையாட்டு இது. அறிவிப்பு வந்த நாள் முதல் என் தம்பியும் அவன் கூட்டாளிகளும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: 2003இல் வந்த பேய் விளையாட்டில் அப்படி என்ன இருக்கிறது?

இதில் துப்பாக்கி கிடையாது, கத்தி கிடையாது. ஒரு பழைய கேமரா மட்டும்தான். பேயைத் தூரத்தில் வைத்துப் படம் எடுத்தால் அதற்கு அவ்வளவாக வலிக்காது. அதன் கை நம் மேல் விழப்போகும் அந்த ஒரு நொடியில் பொத்தானை அழுத்தினால்தான் பலத்த அடி. ஓடிவிடு என்று உடம்பு கெஞ்சும்போது, நின்று அதன் முகத்தைப் பார் என்கிறது விளையாட்டு. வேறு பேய் விளையாட்டுகளில் கண்ணை மூடிக்கொண்டு சுட்டுத் தப்பலாம். இங்கே கண்ணை மூடினால் தோற்றோம்.

ராமநாதபுரத்தில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து ஆடும் கடையில்தான் நான் இதைப் பார்த்தேன். ஐந்து பேர், ஒரு ஜாய்ஸ்டிக். அதன் ரப்பர் தேய்ந்துபோனதால் கடைக்காரர் சைக்கிள் டியூபை வெட்டி மாட்டியிருந்தார். பேய் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்ததும் ஜாய்ஸ்டிக் பக்கத்தில் இருப்பவன் மடிக்குப் போய்விடும்.

விளையாட்டில் வரும் ஊரும் ஒரு காரணம். அணை கட்டினால் மறைந்துபோகும் இடத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வருகிறார்கள் மியோ, மாயு என்ற இரட்டைச் சகோதரிகள். வந்த இடத்தில், எப்போதோ காணாமல் போன ஒரு கிராமத்துக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். தனுஷ்கோடியைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

கீழக்கரை காக்கா:
தம்பி, சைக்கிள் டியூபைப் பற்றி எழுதியதற்காக மட்டும் உன்னை மன்னிக்கிறேன். மற்றதெல்லாம் மலரும் நினைவு.

பேய்க்கு உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்ட ஒரு கோடு இருக்கிறது. படம் எடுத்தால் கோடு குறைகிறது, மதிப்பெண் ஏறுகிறது. அந்த மதிப்பெண்ணைக் கொண்டு கேமராவை மெருகேற்றிக்கொள்ளலாம். செத்தவளுக்கு எத்தனை மதிப்பெண் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிய பிறகு பயம் எங்கிருந்து வரும்? திருவிழாக் கடையில் பலூன் சுடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மியோ ஓடுகிற அழகு வேறு. பள்ளிவாசலிலிருந்து நோன்புக் கஞ்சி வாளியைச் சிந்தாமல் எடுத்து வருகிற பிள்ளை அதைவிட வேகமாக நடக்கும்.

முதல் பாகத்திலும் இதே கேமராதான், இதே மதிப்பெண்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2001இல் வந்த அந்தப் பாகத்தில் ஒரே ஒரு மாளிகை, அண்ணனைத் தேடி வந்த ஒரே ஒரு பெண். மூச்சு விட இடம் கிடையாது. பாதியிலேயே பயந்து மூடிவைத்தவர்கள் அதிகம் என்றுதான் இரண்டாம் பாகத்தில் கதைக்கு அழுத்தம் கொடுத்தார்கள். குழம்பில் காரம் தூக்கல் என்றதும் தண்ணீர் ஊற்றினார்கள். அதை நீ ருசி என்கிறாய்.

உச்சிப்புளி அக்கா:
விளையாட்டைப் பற்றி நீங்கள் இருவரும் அடித்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடியை மட்டும் இதற்குள் இழுக்காதீர்கள்.

என் அப்பத்தா அங்கே வாழ்க்கைப்பட்டவர். 1964 டிசம்பர் 22 இரவு புயல் வந்தபோது பிரசவத்துக்காக உச்சிப்புளியில் தாய்வீட்டில் இருந்ததால் பிழைத்தார். பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலையே கடல் கொண்டுபோன இரவு அது. நூறு பேருக்கு மேல் அந்த ரயிலில் மட்டும். அப்பத்தா ஒரு நாளும் பேய்க் கதை சொன்னதில்லை. அவர் சொன்னதெல்லாம் வீட்டு வரிசைதான். முதலில் தபாலாபீஸ், அப்புறம் இன்னார் வீடு, அடுத்தது சங்கு வாங்குகிறவர் வீடு, அதற்கடுத்த வீட்டு முருங்கை மரம். ஒரு வீடு விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். பேயெல்லாம் யூடியூபில் படம் போடுகிறவர்கள் கொண்டுவந்தது. இடிந்த தேவாலயத்தின் பவளப்பாறைக் கற்களில் சாய்ந்து நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். நாலு எட்டு தள்ளிக் குடிசை போட்டு, கருவாடு காயவைத்து, சங்கு மாலை விற்றுப் பிழைக்கிறவர்கள் அவர்கள் கண்ணில் படுவதில்லை.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். என் மகன் இதை ஆடியபோது, அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். அந்த விளையாட்டில் ஒரு ரேடியோ வருகிறது. வழியில் கிடைக்கும் கல்லை அதில் வைத்தால் செத்தவர்களின் குரல் கேட்கிறது. இரைச்சலுக்கு நடுவே ஒன்றிரண்டு வரிகள், அவ்வளவுதான். பால் பொங்கி அடுப்பு அணைந்தது.

தொண்டிக்காரன்:
நான் முதல் வீட்டைத் தாண்டவே இல்லை. ரத்தம் தோய்ந்த கிமோனோவில் ஒருத்தி நின்று சிரிக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டதே போதும்.

மண்டபம் நண்டு:
அக்கா, தனுஷ்கோடியைச் சொன்னது என் தவறு. அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன்.

காக்காவுக்கு: மதிப்பெண் இருப்பது உண்மை. ஆனால் அது எதற்கு இருக்கிறது என்று பாருங்கள். தூண்டில் போட்டிருக்கிறீர்களா? மீன் இரையைத் தொட்டதும் சுண்டினால் வெறும் முள்தான் வரும். அது முழுதாக வாங்கும்வரை கை நடுங்காமல் இருக்க வேண்டும். இங்கே இன்னும் கொஞ்சம் வரட்டும், இன்னும் கொஞ்சம் மதிப்பெண் கிடைக்கும் என்று பேராசை நம்மை நிற்கவைக்கிறது. பேய் வந்து கழுத்தைப் பிடிக்கும்போதுதான் இரையானது யார் என்று தெரிகிறது. கணக்கு பயத்தைக் கெடுக்கவில்லை, பயத்துக்குப் பக்கத்தில் நம்மைத் தள்ளிவிடுகிறது. ஃபிலிமும் அப்படியே. வலுவில்லாத ஃபிலிம் தீருவதே இல்லை, வலுவான ஃபிலிம் எண்ணி எண்ணித்தான் கிடைக்கிறது. பெட்டிக்கடையில் சில்லறை எண்ணுவதுபோல எண்ணிக்கொண்டே நடப்பேன்.

முதல் பாகத்துப் பெண் தனியாக நடந்தாள். இங்கே மாயு பின்னால் வருகிறாள். சின்ன வயதில் அடிபட்ட கால், நொண்டி நொண்டித்தான் வருவாள். நாம் ஓடினால் அவள் பின்தங்குகிறாள். திரும்பிப் பார்த்து நிற்கிறோம். சில இடங்களில் திரும்பிப் பார்த்தால் அவள் இல்லை. இதையா தண்ணீர் ஊற்றியது என்கிறீர்கள்?

கீழக்கரை காக்கா:
மாயு நல்ல பாத்திரம்தான். இனி எழுதப்போவது முடிவைப் பற்றி. ஆடாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். அந்த ஊர்ச் சடங்கின்படி இரட்டையரில் ஒருத்தி மற்றவளின் கழுத்தை நெரிக்க வேண்டும். இறந்தவள் சிவப்பு வண்ணத்துப்பூச்சி ஆவாள். வழக்கமான முடிவில் மியோ அதைச் செய்துவிடுகிறாள். அப்போது என் கையில் ஜாய்ஸ்டிக் சும்மா கிடக்கிறது. பத்து மணி நேரம் என்னை நம்பிக் கேமராவைக் கொடுத்தவர்கள், முக்கியமான கட்டத்தில் கையிலிருந்து பிடுங்கிப் படம் காட்டுகிறார்கள். நெரித்தது நானல்ல. பிறகு எனக்கு என்ன குற்றவுணர்ச்சி? ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லியிருந்தால் இன்றைக்கும் தூங்கியிருக்க மாட்டேன்.

மண்டபம் நண்டு:
இதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. கடினமான நிலையில் ஆடினால் இன்னொரு முடிவு இருக்கிறது, மாயு பிழைத்துக்கொள்கிறாள் என்பதை மட்டும் சொல்கிறேன். அதற்கு மியோ கொடுக்கும் விலை அவளுடைய கண்கள். விளையாட்டு முழுவதும் பார், பார் என்று சொன்ன கண்கள்.

கீழக்கரை காக்கா:
அதைக் கடினமான நிலையில் ஒளித்துவைத்தால் தொண்டிக்காரனுக்கு எப்படிக் கிடைக்கும்?

தொண்டிக்காரன்:
எனக்கு வேண்டவே வேண்டாம், காக்கா.

உச்சிப்புளி அக்கா:
அந்த முதல் முடிவைப் பார்த்த அன்று இரவு பதினொரு மணிக்கு என் மகன் பரமக்குடியில் கட்டிக்கொடுத்திருக்கும் அவன் அக்காவுக்குப் போன் போட்டான். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று அவள் பதறிப்போனாள். இவன், ஞாயிற்றுக்கிழமை வருகிறாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டான். மறுநாள் முழுக்க எனக்குத்தான் திட்டு.

கீழக்கரை காக்கா:
வந்தாளா?

உச்சிப்புளி அக்கா:
வந்தாள். இவன் வலை பின்னுகிற இடத்துக்குப் போய்விட்டான். இருட்டிய பிறகுதான் வந்தான்.

கீழக்கரை காக்கா:
சரி. நண்டு, ரீமேக்கை வாங்கினால் ஆடி முடித்துவிட்டு எனக்குக் கொடு. முதல் பாகம்தான் உசத்தி என்பதில் மாற்றமில்லை.