பொழுதுமடை: சர்க்கேடியன் கேட்டிங்குக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

உயிர்களுக்குள் ஓடும் ஏறக்குறைய 24 மணி நேரக் கடிகாரம், செல் எந்தப் பொழுதில் பிளக்கலாம் என்று விடுவதையும் தடுப்பதையும்தான் சர்க்கேடியன் கேட்டிங் என்கிறார்கள். இதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில் ஐயா முன்வைத்த 'உயிர்க்கடிகாரக் கட்டுப்பாடு' எனக்குச் சரியாகப் படவில்லை. கட்டுப்பாடு என்றதும், கடிகாரம்தான் செல்லைப் பிடித்துத் தள்ளிப் பிளக்கவைக்கிறது என்று படிக்கிற பிள்ளை நினைத்துக்கொள்ளும். செல் தன் போக்கில் வளர்கிறது, டிஎன்ஏவை இரட்டிக்கிறது. பிளக்கும் கட்டத்துக்கு வந்து நின்றால் கடிகாரம் ஒரு பொழுதில் விடும், ஒரு பொழுதில் விடாது, அவ்வளவுதான்.

1996-இல் சயனோபாக்டீரியாவில் (ஒளிச்சேர்க்கை செய்யும் ஒருசெல் நுண்ணுயிர்) இதைக் காட்டினார்கள். ஒரு நாள் முடியும் முன்பே ஒன்று இரண்டாகும் செல்கள், 24 மணி நேரக் கடிகாரத்துக்கு அங்கே என்ன வேலை என்றுதான் தோன்றும். ஆனால் விளக்கு எரிந்துகொண்டே இருந்தும், அவற்றின் கடிகாரப்படி முன்னிரவான நேரத்தில் பிளவு மட்டும் தடைப்பட்டது, வளர்ச்சி நிற்கவில்லை. அப்புறம் 2003-இல் சுண்டெலி. கல்லீரலின் ஒரு பகுதியை வெட்டியெடுத்தால் மிச்சம் திரும்ப வளரும் அல்லவா, எந்த நேரத்தில் வெட்டினாலும் டிஎன்ஏ இரட்டிப்பு ஒரே மாதிரி நடந்தது, பிளவுக்குள் நுழைவதுதான் வெட்டிய நேரத்தைப் பொறுத்து மாறியது. பிளவைத் தடுக்கும் வீ-1 என்ற புரதத்தின் மரபணுவைக் கடிகாரமே நேரடியாகக் கூட்டிக் குறைக்கிறது.

ஆகவே என் பரிந்துரை 'பொழுதுமடை'. சிறுபொழுது ஆறையும் ஒரு நாளுக்குள் வகுத்த மொழிக்குக் 'காலம்' என்ற பொதுச்சொல் இங்கே தேவையில்லை. 'வாயில்' என்று வைக்கலாமே என்று அக்கா கேட்டிருந்தார். நரம்பணுப் பாடத்தில் அயனித் தடங்களுக்கு (செல் சவ்வில் அயனிகள் போய்வரும் வழிகள்) அதையே சொல்கிறோம், குழம்பும். மடை என்றால் வினையும் கூடவே கிடைக்கிறது: மடை திறந்தது, மடை அடைத்தது, செல் மடையில் நிற்கிறது. பையன்கள் 'மடையன்' என்று சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

இங்கே மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளில் பலருக்கு அப்பா செம்பனை ஆலையில் இரவு ஷிப்ட். "அப்பா ராத்திரி ரெண்டு மணிக்குச் சாப்பிடுறாரு சார், அவரு கல்லீரல் எந்த நேரத்தைப் பார்க்கும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். பாடநூலைவிட நல்ல கேள்வி. மூளையின் தலைமைக் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்க்கும், கல்லீரலின் கடிகாரம் பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் உடம்புக்கெல்லாம் ஒரே மடை என்று தொனிக்காதபடி அருஞ்சொல் விளக்கத்தில் 'அந்தந்தத் திசுவின் கடிகாரத்தால்' என்று சேர்க்க வேண்டும்.

ஒரு சிக்கல் பாக்கி. சுண்டெலியின் நார்த்திசு செல்களில் செல் பிளவின் சுழற்சி, கடிகாரத்தின் சுழற்சி இரண்டும் ஒன்றுக்கொன்று பூட்டிக்கொண்டு ஓடுவதை 2014-இல் கண்டார்கள். அதாவது செல் பிளவும் கடிகாரத்தை இழுக்கிறது. மடை ஒருவழிப் பேச்சு, இதற்குப் போதாது. 'இணைநடை' என்று தனியாக வைக்கலாமா? இதற்கு மட்டும் கருத்துச் சொல்லுங்கள்.

வீ-1 ஐக் 'குட்டி-1' ஆக்கச் சொன்ன தம்பிக்கு: ஸ்காட்லாந்துப் பேச்சில் 'வீ' என்றால் சின்னது, அந்த மரபணு கெட்ட ஈஸ்ட் அவசரப்பட்டுச் சின்னதாகவே பிளந்துவிடும் என்பதால் வந்த பெயர். ஆசை எனக்கும் உண்டு, ஆனால் மரபணுப் பெயரில் கைவைக்க வேண்டாம்.