ஃபைபர் படகின் மேல் விளிம்பு அமுங்குகிறது: மேலே மேட் ஒட்டினால் போதுமா?

கேள்வி (நாகை):
அண்ணன்மாருக்கு வணக்கம். எங்களுடையது 28 அடி ஃபைபர் படகு, அவுட்போர்டு எஞ்சின். வலை இழுக்கும் பக்கம் மட்டும் மேல் விளிம்பு கையால் அழுத்தினாலே அமுங்குகிறது. மயிரிழை விரிசலும் ஓடியிருக்கிறது. கயிறு கட்டும் கட்டையின் போல்ட்டு எவ்வளவு முடுக்கினாலும் நிற்பதில்லை. விளிம்புக்குள் மரம் வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். மேலே இரண்டு மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ஒட்டினால் போதும் என்கிறார்கள், சரியா?

பதில் (தூத்துக்குடி):
போல்ட்டு பிடிக்கவில்லை என்றால் உள்மரம் உளுத்திருக்கும் தம்பி. ஸ்க்ரூடிரைவர் பிடியால் வரிசையாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, பொத்தென்று கேட்டால் பிடிப்பு விட்டிருக்கிறது. அங்கே உள்பக்கமாகச் சின்னத் துளை போடுங்கள். ஈரத் தூள் வந்தால் மேலே ஒட்டுவது தண்ணீரை உள்ளே வைத்துப் பூட்டுவதுதான்.

நாகை:
கறுப்புத் தண்ணீரே வந்தது அண்ணே. ஏழெட்டு அடிக்குப் பொத்து சத்தம். எந்தப் பக்கம் வெட்டுவது?

தூத்துக்குடி:
உள்பக்கம். வெளித்தோலைத் தொடாதீர்கள், படகின் வடிவம் அதில்தான் நிற்கிறது. வெட்டும் முன்னால் குறுக்கே சட்டம் வைத்து இரண்டு பக்கத்தையும் இறுக்குங்கள். விளிம்பை எடுத்த படகு வாய் விரியும், அப்படியே ஒட்டினால் அப்புறம் நிமிர்த்த முடியாது.

உளுத்ததை நல்ல மரம் தெரியும்வரை எடுத்துவிட்டு நன்றாகக் காயவிடுங்கள். இதில் அவசரப்பட்டால் மொத்த வேலையும் பாழ். காய்ந்த புது மரத்துக்கு எல்லாப் பக்கமும், போல்ட்டுத் துளைக்குள்ளும் ரெசின் (ஃபைபரை இறுக்கும் பசை) பூசுங்கள். பழைய ஃபைபரின் ஓரத்தைக் கனத்தைப் போல 12 மடங்கு சரிவாகத் தேய்க்க வேண்டும், 5 மி.மீ. கனமென்றால் 60 மி.மீ. அசிட்டோனால் துடைத்து, சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட், 610 கிராம் ரோவிங் (நெய்த கண்ணாடி இழைத் துணி), மறுபடி மேட் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். பழைய பரப்பின்மேல் ரோவிங் நேராகப் படக்கூடாது, மேட்தான் பிடிக்கும். கயிற்றுக் கட்டைக்கு அடியில் ஸ்டீல் தகடு கொடுங்கள்.

பதில் (கன்னியாகுமரி):
ரெசினை இறுக வைக்கக் கேட்டலிஸ்ட்டும், அதை வேகப்படுத்தக் கோபால்ட்டும் சேர்ப்போம். இந்த இரண்டையும் நேரடியாகக் கலக்கவே கூடாது, வெடித்துவிடும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் கேட்டலிஸ்ட். அதுவும் ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம். நம் வெயிலுக்குக் குறைந்த அளவே போதும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

நாகை:
கடைசிப் பூச்சு பிசுபிசுவென்றே நிற்கும் என்கிறார்களே?

கன்னியாகுமரி:
காற்றுப் பட்டால் பாலியஸ்டர் ரெசினின் மேல்பரப்பு முழுசாக இறுகாது. கடைசிப் பூச்சில் மட்டும் மெழுகுக் கரைசல் சேர்க்கச் சொல்லிக் கடையில் கேளுங்கள். நடுவில் உள்ள பூச்சுகளில் சேர்த்தால் அடுத்தது ஒட்டாது.

நாகை:
சரி அண்ணே. நாளைக்குச் சட்டம் வாங்கிவிட்டு வெட்ட ஆரம்பிக்கிறேன்.