‘ஐ’ வருமா, ‘மீ’ வருமா? ஆங்கில ஆசிரியர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். தக்கலை பக்கம் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுக்கிறேன். எல்லோரும் தமிழ்வழியில் படிப்பவர்கள்.

ஆங்கிலத்தில் ‘ஐ’, ‘மீ’ எழுதும்போது ஒரே ஆள் என்றால் அவர்கள் தடுமாறுவதில்லை. கூட இன்னொருவர் சேர்ந்தால்தான் சிக்கல். ‘டீச்சர் கால்டு அனு அண்ட் ஐ’ என்று எழுதினால், அனுவை எடுத்துவிட்டுப் படி என்பேன். ‘டீச்சர் கால்டு ஐ’ காதுக்கே ஒட்டாது, உடனே ‘மீ’ ஆக்கிவிடுவார்கள். ‘பிட்வீன் யூ அண்ட் மீ’ மாதிரி இடங்களில் இப்படி எடுத்துப் பார்க்க முடியாது. பிரிபொசிஷனுக்கு (பிட்வீன், வித், ஃபார் மாதிரிச் சொற்களுக்கு) பின்னால் மீ, ஹிம், ஹெர், அஸ், தெம்தான் என்று சொல்லிவிடுகிறேன்.

தமிழில் நினைத்துப் பார்க்கவும் சொல்வதுண்டு. ‘நானும்’ என்றால் ஐ, ‘என்னையும்’ என்றால் மீ. இது நன்றாகவே உதவுகிறது, ‘எனக்கு’ வரும்வரை. ‘எனக்கும் தங்கச்சிக்கும் மரச்சீனி பிடிக்கும்’ என்பதை ‘மீ அண்ட் மை சிஸ்டர் லைக்’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் அங்கே எழுவாய் வேண்டும், ‘மை சிஸ்டர் அண்ட் ஐ’. தெரியும், வேண்டும், பசிக்கும் எல்லாவற்றிலும் இதே கதை. ஆனால் ‘எனக்குக் கொடுத்தார்’ என்றால் மீ சரி! பிள்ளைகள் குழம்புவதில் நியாயம் இருக்கிறது.

இந்த இரண்டு ‘எனக்கு’களையும் அவர்களே பிரித்தறிய, இலக்கணப் பெயர்கள் அதிகமில்லாத வழி ஏதாவது இருக்கிறதா? வகுப்பில் செய்து பார்த்த பயிற்சி இருந்தால் எழுதுங்கள். அப்புறம், ‘என்னைவிட உயரம்’ என்பதற்கு ‘டாலர் தேன் ஐ’, ‘டாலர் தேன் மீ’ இரண்டும் வழக்கில் இருக்கின்றன. பரீட்சைக்கு எதைப் பழக்குகிறீர்கள்?